மருந்தா மாவா

2024ஆம் வருடம், நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை விட்டு, தூறல் மட்டும் இருந்தது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் நான் வழக்கமாக வாங்கும் காபிப்பொடிக் கடையில் நின்று, அரைக் கிலோ கேட்டேன். பொடி அரைக்கும் ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“இன்னா சார், இப்பதானே வாங்கினு போனீங்க? அரை மணி கூட ஆவல.”

“நானா?”

“நீங்கதான் சார். சில்றய ரெண்டு வாட்டி எண்ணிப் பாத்து வாங்கினு போனீங்களே.”

எனக்குக் கோபம் வந்தது. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறாய் என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கஸ்தூரி அதை வாங்கி, அடுப்பு மேடையில் இன்னொரு பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் சூடாக இருந்தன.

“சரி, இந்த மாசம் பூரா காபிக்குக் கவலை இல்ல” என்றாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளனாக இருந்தேன். மாத்திரையின் எடை சரியா, கரைய எத்தனை நிமிடம் ஆகிறது, உள்ளே மருந்து சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் எண்ணுவேன். படி, மின்கம்பம், சாப்பாட்டில் அப்பளம். அப்படிப்பட்டவனிடம் ஒருவன் ‘நீங்கள் இரண்டாம் முறை வருகிறீர்கள்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மகள் வனிதா கே.கே. நகரில் இருக்கிறாள். விஷயம் தெரிந்த அன்றே அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டாள். நரம்பியல் மருத்துவர் டாக்டர் நளினி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மெதுவாகப் பேசுவார், நாம் பேசி முடிக்கும் வரை காத்திருப்பார். ஐந்து வார்த்தைகள் சொன்னார். திருப்பிச் சொன்னேன். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஆரம்பித்து, கடைசியில் இரண்டு மிச்சம் வரும் வரை நிற்காமல் சொன்னேன்.

“போதும்னு அப்பவே சொன்னேன் சார்” என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இப்ப, முதல்ல சொன்ன அஞ்சு வார்த்தையைச் சொல்லுங்க.”

‘ரயில்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வந்தது. மற்ற நான்கும் வரவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தில் கஸ்தூரியின் பிம்பம் தெரிந்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்தும் ஞாபகம் இருந்தன.

பிறகு எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். கட்டடம் இடிப்பது போன்ற சத்தம். முப்பத்தெட்டு விதமான தட்டல் வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். படத்தை டாக்டர் காட்டினார். காதுக்கு நேர் உள்ளே சுண்டுவிரல் அளவில், கடல்குதிரை போல வளைந்த ஒரு பகுதி. புதிதாக நடப்பது முதலில் அங்கேதான் பதிவாகிறதாம். எனக்கு அது சுருங்க ஆரம்பித்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின், தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. அவை சரியில்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருத்திவிடலாம். இது அல்சைமர், ஆரம்ப நிலை என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். வனிதா பணம் கட்டிவிட்டு வந்து பில்லைக் காட்ட மறுத்தாள். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கவுன்ட்டருக்குப் போய் இன்னொரு பிரதி கேட்டு வாங்கினேன். அன்றே அந்தப் பணத்தை அவள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன். அவள் திட்டினாள். கஸ்தூரி வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். அன்று மூன்று பேரும் வாய்விட்டு அழவில்லை.

இதற்குத் தற்போது கிடைக்கும் மாத்திரை ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார் டாக்டர். பிறகு, “ஒரு ஆராய்ச்சி நடக்குது. சேர விருப்பமா?” என்று கேட்டார். நான் மாத்திரைக் கம்பெனிக்காரன் என்று தெரிந்ததும் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டுச் சொன்னார். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு நோய் இருப்பதே மறந்துபோனது.

விஷயம் இதுதான். இந்த நோயில் கெட்டுப்போவது ஒன்றல்ல. நரம்புகளுக்கு நடுவே செய்தி கொண்டுபோகும் ஒரு ரசாயனம் குறைகிறது. அதை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அமிலாய்டு என்ற புரதம் செல்களுக்கு வெளியே கட்டி கட்டியாகத் திரள்கிறது. தாமிரம், இரும்பு போன்ற உலோகத் துணுக்குகள் அந்தக் கட்டியில் போய் ஒட்டி, சுற்றி இருப்பதைத் துருப்பிடிக்க வைக்கிற மாதிரி அரிக்கின்றன. பழைய மருந்துகள் ஒவ்வொன்றும் இதில் ஏதாவது ஒரு வேலையைத்தான் செய்யும். நான்கு கோளாறுக்கு நான்கு மாத்திரை கொடுக்கலாமே என்றால், எழுபது வயதுக் கல்லீரல் தாங்காது; ஒன்றோடொன்று சண்டை போடும். அதனால் ஒரே மூலக்கூறுக்கு இத்தனை வேலையும் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார்கள்.

“அந்த நொதியில ஒரு ஆழமான குழி இருக்கு சார். கிணறு மாதிரி. அடியிலதான் உடைக்கிற வேலை நடக்குது. ஆனா கிணத்து வாய் இருக்கே, அங்க அமிலாய்டு வந்து ஒட்டித் திரள ஆரம்பிக்கும். இந்த மருந்தோட ஒரு முனை அடியில போய் உக்காரும். இன்னொரு முனை வாயை மூடும். நடுவுல ஒரு சங்கிலி.”

“சங்கிலி எத்தனை கார்பன்?”

“அதேதான்! ஒரு கார்பன் கூடினாலும் குறைஞ்சாலும் பொருந்தாது. ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்திருக்காங்க.”

அதோடு முடியவில்லை. மேல்முனையிலேயே உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு அணுக்களை வைத்திருக்கிறார்கள். மூளைக்குள் போகும் ரத்தக்குழாய்ச் சுவர் பெரிய மூலக்கூறு எதையும் உள்ளே விடாது. வேலைக்கு ஒரு துண்டு என்று ஒட்டிக்கொண்டே போனால் பெருத்துப்போய் வெளியே நின்றுவிடும். எங்கள் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் ஒரே அறை காலையில் சமையலுக்கு, மதியம் பிள்ளைகள் படிக்க, ராத்திரி நான்கு பேர் படுக்க என்று இருந்தது போல, ஒரே துண்டை இரண்டு மூன்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் மாத்திரை முப்பது நிமிடத்தில் கரைந்தாலே கைகுலுக்கிக்கொள்வோம். எங்கோ யாரோ, என் தலைக்குள் இருக்கும் கிணற்றின் ஆழத்தை அளந்து, அதற்குச் சங்கிலி செய்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் இந்த மருந்து. மீதிப் பேருக்கு மருந்து இல்லாமல் வெறும் மாவு அடைத்த கேப்சூல். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. குறியீட்டு எண் மட்டும்தான். முடிவு தெரிய ஒன்றரை வருடம் ஆகும். சேர்ந்தேன்.

முதல் வேளை மருந்து கொடுக்க மூன்று நாள் மருத்துவமனைப் படுக்கையில் வைத்தார்கள். அதற்கு முன் முதுகில் ஊசி. தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்து, அமிலாய்டு எவ்வளவு என்று பார்ப்பார்கள். நீரில் குறைவாக இருந்தால்தான் மோசமாம். மூளையில் தங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்குக் குறைவாக இருந்தது. சுருண்டு படுக்கச் சொல்லி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். கஸ்தூரி என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் வெங்காய வாசனை. அது போதும் என்று இருந்தது.

அடுத்த கட்டிலில் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். அதே ஆராய்ச்சி, அதே வியாதி. கையில் ஊசி செருகி மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். அவர் ஒவ்வொரு தரமும் நர்ஸிடம், “தாயி, இதுக்கு ரசீது உண்டா?” என்று கேட்டார்.

முதல் கேப்சூலை இருவரும் ஒரே நேரத்தில் விழுங்கினோம். அவர் என்னைப் பார்த்தார்.

“என்ன சார்வாள், ஒமக்கு மருந்தா மாவா?”

“எப்படித் தெரியும்?”

“எனக்கு மருந்துதான் வே. பட்டுச்சேலை எடுத்துட்டுப் போயி காசு குடுக்காம ஓடுனவன் ஒருத்தன், நாப்பது வருசம் ஆச்சு, அவன் பேரு இப்ப வந்துட்டுல்லா!”

“விழுங்கி ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே.”

“வேகமான மருந்து!”

அன்றிலிருந்து என் நிம்மதி போனது. மருந்தா, மாவா? வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்புதான். இருக்கும் கொஞ்சம் நல்ல நாட்களை வெறும் மாவை விழுங்கிக் கழிக்கிறேனோ? அந்தச் சங்கிலி எனக்குள் இறங்குகிறதா, இல்லையா?

இந்த ஆராய்ச்சியில் நோயாளியோடு ஒரு துணையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று கொடுத்து, விழுங்கியதைப் பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. கஸ்தூரி பாட்டிலை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். ஒன்பதாம் நாள் காலை அவள் கீரை வாங்கக் கீழே இறங்கினாள். நான் பாட்டிலை எடுத்து, ஒரு கேப்சூலைப் பிரித்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மருந்துப்பொடி டிரம்மிலிருந்து லேபிள் கழன்று விழுந்துவிட்டால், பரிசோதனைக் கருவி சூடேறும் வரை பொறுக்காமல், விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. ஒட்டினவர்களும் நக்கினார்கள். டாக்டர் போட்ட படத்தில் நைட்ரஜன் இருந்தது. அந்த ஜாதிப் பொருட்கள் பெரும்பாலும் கசக்கும். மாவு கசக்காது. இது என் கணக்கு.

தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்தக் கசப்பு. கண்ணில் நீர் வந்தது. கசப்பினால் மட்டும் அல்ல.

அதற்குப் பிறகு வந்த பத்தொன்பது நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். காலையில் விழித்தவுடன் வார்த்தைகள் வரிசையாக வந்தன. எதிர்வீட்டுக்காரர் பெயர், பால்காரன் பெயர், தங்கையின் சம்பந்தி ஊர். “என்னங்க, முகமே தெளிவா இருக்கு” என்றாள் கஸ்தூரி. வனிதா போனில் பேசிவிட்டு அம்மாவிடம் தனியாக அழுதாளாம், சந்தோஷத்தில். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கிணற்றின் அடியில் ஒரு முனை, வாயில் ஒரு முனை என்று கண்ணை மூடிக்கொண்டு கும்பிடாத குறையாக நினைத்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் நாள் பாட்டிலோடு போனோம். ஆராய்ச்சி வேலைகளைக் கவனிக்கும் பெண் ஸ்டெல்லா, சாந்தோம் கடற்கரைப் பக்கத்துப் பெண், கேப்சூல்களைத் தட்டில் கொட்டினாள். அறுபது கொடுத்தது, ஐம்பத்தாறு போக நான்கு மிஞ்ச வேண்டும். தட்டில் மூன்று கிடந்தன. அந்தக் கசப்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. பாட்டிலில் ஒன்று குறைந்திருக்கும் என்பது மட்டும் அதுவரை ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எண்ணிப் பிழைத்தவன் நான்.

“இன்னா அங்கிள், ஒண்ணு கொறையுதே” என்றாள் ஸ்டெல்லா. “ஏதோ ஒரு நாள் மூணு போட்டுட்டீங்களா? ஆண்ட்டி, நீங்க பாத்துதானே குடுத்தீங்க? கணக்கு ஒதைச்சா மேல கேப்பாங்க. ஆராய்ச்சிலேர்ந்தே எடுத்துருவாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி பேசினாள். “என் கை தவறி சிங்க்ல விழுந்திடுச்சும்மா. தண்ணியோட போயிடுச்சு. பயந்துக்கிட்டு சொல்லல.”

ஸ்டெல்லா பேனாவை மூடினாள். “அப்பவே போன் பண்ணி சொல்லணும்னு சொல்லிகீறேன்ல ஆண்ட்டி? இப்ப துணைக்கு வேற ஆள் காட்டுன்னுவாங்க. வீட்ல வேற யாரு கீறாங்க?”

வேறு யாரும் இல்லை. வனிதா வேலைக்குப் போகிறவள். கஸ்தூரி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடத்தில் அவளுக்குப் பொய் சொல்ல வந்ததே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் மறதியில் இரண்டு முறை விழுங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அது தெரிந்தால் நான் கூனிப்போவேன் என்று, பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

“அவ சொல்றது பொய்” என்றேன். “நான்தான் எடுத்தேன். பிரிச்சேன்.”

“பிரிச்சு?” என்றாள் கஸ்தூரி.

“நாக்குல வச்சுப் பாத்தேன்.”

“நாக்குலயா! அங்கிள்!” ஸ்டெல்லா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“கைக்குழந்தையா நீங்க?” என்றாள் கஸ்தூரி. “கீழ கிடந்தா எடுத்து வாயில வைக்கறதுக்கு?” இத்தனை பேர் நடுவில் அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. திட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் நளினி முன்னால் உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்தது, தொட்டது, வைத்தது. “டாக்டர், அது…” என்று ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“ருசியைச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாது. ஸ்டெல்லாவுக்கும் தெரியக் கூடாது.” பிறகு தணிந்த குரலில், “எந்த ருசியா இருந்தாலும் அதுல உங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். மருந்தையும் வெத்து கேப்சூலையும் ஒரே மாதிரிதான் செஞ்சிருக்காங்க. நிறம், எடை, ருசி எல்லாம். முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே.”

“இல்ல. சொல்லல.”

“சொன்னாங்க” என்றாள் கஸ்தூரி மெதுவாக. “நீங்க கூட, எங்க கம்பெனியிலயும் இப்படித்தான் செய்வோம்னு சொல்லிச் சிரிச்சீங்க.”

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. சிரித்ததாகச் சொல்கிறாள். சிரித்திருப்பேன்.

பிறகு கேட்டேன்: “அப்படின்னா அந்தப் பத்தொன்பது நாள்? பால்காரன் பேரு வந்துச்சே. எல்லாம் வந்துச்சே.”

“வந்தது நிஜம்தான் சார். மருந்தால வந்திருக்கலாம். மருந்து கிடைச்சிடுச்சுன்னு நீங்க நம்பினதால வந்திருக்கலாம். அந்த நம்பிக்கையும் மூளையிலதான் வேலை செய்யுது. அது எவ்வளவு செய்யும்னு கழிச்சுட்டு, மிச்சம் இந்த மூலக்கூறு எவ்வளவு செய்யுதுன்னு பாக்கத்தான் இவ்வளவு பாடு.”

கழித்தல் எனக்குப் புரியும். நூறிலிருந்து ஏழைக் கழிக்கலாம். ஒரு மனிதன் மனசாரச் சந்தோஷப்பட்டதையும் ஒரு எண்ணாக்கி, பல பேரிடமிருந்து சேர்த்து, மருந்திலிருந்து கழிக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது. சங்கிலி செய்த கைகளை நினைத்து முன்பே வியந்திருந்தேன். நாக்கில் வைத்துப் பார்ப்பவன் ஒருவன் எங்கோ இருப்பான் என்று முன்கூட்டியே நினைத்து, வெறும் மாவிலும் கசப்பைச் சேர்த்து வைத்த கைகளைப் பார்த்து இன்னும் அதிகமாக வியந்தேன். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை. என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விஷயம் ஆராய்ச்சியின் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. டாக்டர், வக்கீல், பொதுமக்களில் ஒருவர் என்று நோயாளி பக்கம் நின்று பார்க்கும் குழு அது. பதில் வர இருபத்து மூன்று நாள் ஆனது. அந்த நாட்களில் கேப்சூல் நிற்கவில்லை. கஸ்தூரி கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் ஒவ்வொரு கேப்சூலையும் கடைசியோ என்று விழுங்கினேன். கடைசியில் பதில் வந்தது. குறைந்த கேப்சூல் யார் வயிற்றுக்கும் அதிகப்படியாகப் போகவில்லை, நோயாளியே உண்மையைச் சொன்னார், அவரும் துணையாளரும் தொடரலாம் என்று ஸ்டெல்லா போனில் படித்தாள். கஸ்தூரி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, எழுந்து போய் அரிசி களைந்தாள். எதற்கு என்று கேட்டேன். மணி நான்கு. தெரியவில்லை என்றாள்.

அடுத்த முறை காத்திருப்பு அறையில் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் இடம் கொடுத்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். “நாக்குல வச்சுப் பாத்தீராமே! எனக்கு இந்த ரோசனை வராமப் போச்சே வே!” என்றார். பிறகு என் காதருகே குனிந்து, “என்ன ருசி?” என்றார். நான் சொல்லவில்லை. இதுவரை கஸ்தூரியிடம்கூடச் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடியட்டும். அதற்குள் நான் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று இதை எழுதி வைத்திருக்கிறேன். முடிந்த பிறகு வனிதா மற்றவர்களுக்குக் காட்டுவாள்.

ஐந்து வார்த்தையில் போன மாதம் இரண்டு வந்தது. அது எதனால் என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை எனக்கு இப்போது அவ்வளவு பயமாக இல்லை.

வீணாக்கிய கேப்சூலுக்குப் பணம் கட்டிவிடுகிறேன், எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்கு இன்னும் விலையே போடவில்லை, அது மருந்து என்று தெரிந்த பிறகுதான் போடுவார்கள் என்றார். சேர்ந்த பிறகு ஆன செலவெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுடையது. போகவர ஆட்டோவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் டாக்டருக்கு மூன்று முறை, ஞாபகப் பரிசோதனைக்கு, எம்.ஆர்.ஐ.க்கு, ரத்தத்துக்கு, ஆட்டோவுக்கு என்று என் கையிலிருந்து போனது, விலை போடாத அந்த ஒரு கேப்சூல் நீங்கலாக, இருபத்தோராயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.